நரம்பு வலிக்கு ப்ரீகாபலின்: மருந்து நல்லது, ஜோடிதான் தப்பு

சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின் 75 சாப்பிட்டுவரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எரிச்சல் நின்னு போச்சு, மாத்திரையை விட்டுடலாமா?" எளிமையான கேள்விதான். ஆனால் யாராலும் நேரான பதில் சொல்ல முடியாது. காரணம், அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டாவது வரி: மெத்தில்கோபாலமின் 750 மைக்ரோகிராம். பி12 வைட்டமினின் ஒரு வடிவம் இது; இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் கூட்டாக வருகின்றன.

ப்ரீகாபலினுக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமாலும் டைக்லோஃபினாக்கும் இந்த எரிச்சலைத் தொடாது. இங்கே புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை. கெட்டுப்போன நரம்பு தானாகவே வலிச் சேதியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நரம்பின் நுனியில் கால்சியம் உள்ளே வர மதகுகள் உண்டு. கால்சியம் நுழைந்தால்தான் குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற ரசாயனங்கள் வெளியே கொட்டி, தண்டுவடத்தில் இருக்கும் அடுத்த நரம்புக்குச் சேதி போகும். அந்த மதகுகளை நுனிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஆல்ஃபா-2-டெல்டா என்ற புரதம். நரம்பு அடிபட்டால் இது அளவுக்கு மீறிக் கூடிவிடும். ப்ரீகாபலின் போய் ஒட்டிக்கொள்வது இதில்தான். மதகுகள் குறைகின்றன, கொட்டும் ரசாயனம் குறைகிறது, மூளைக்குப் போகும் கூச்சல் அடங்குகிறது. காபா என்ற மூளை ரசாயனத்தின் சாயலில் செய்யப்பட்டதென்றாலும் காபா ஏற்பிகளை இது தொடுவதில்லை.

ஆக, நரம்பை இது குணப்படுத்துவதில்லை. எரிச்சல், ஊசி குத்தல், கரண்ட் அடிப்பது போன்ற வலி, போர்வை பட்டாலே கூசுவது எல்லாம் குறையும். மரத்துப்போன பாதம் மட்டும் மரத்தபடியே இருக்கும். வலி போனதும் பாதத்தைத் தினமும் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை விடுகிறவர்கள் ஏராளம். செருப்பில் ஏறிய முள் புண்ணாகிச் சீழ் வைப்பது அப்போதுதான்.

உடம்புக்குள் இது நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விழுங்கியதில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது, அளவைக் கூட்டினாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. அண்ணன் மருந்தான காபாபென்டின் அப்படியல்ல. குடலில் அதைத் தூக்கிச் செல்லும் கடத்திகளுக்கு ஓர் எல்லை உண்டு. நாளைக்கு 900 மி.கி. சாப்பிட்டால் 60 சதவீதம் போல உள்ளே போகும், 3600 மி.கி. சாப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். ப்ரீகாபலினுக்குக் கல்லீரலில் வேலையே இல்லை, சிறுநீரகம் அப்படியே வெளியேற்றிவிடும். அதனால் பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு கல்லீரலில் மோதாது. அதே காரணத்தால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து உடம்பில் தேங்கும். சிறுநீரகம் எவ்வளவு வேகமாகச் சுத்திகரிக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 60-க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் அதிலும் பாதி. சர்க்கரை நோயாளிகளில் பாதிக் கதை சிறுநீரகக் கதைதான் என்பதால் இந்த எண்ணை மனதில் வையுங்கள். கீழே தேவைப்படும்.

காலையில் தலை கிறுகிறுக்கிறது, மந்தமாக இருக்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். பாதிப் பிரச்சினை நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சம், அந்த உச்சமும் கூர்மையாக இருக்கும். சாப்பாட்டோடு போட்டால் மூன்று மணி நேரம் ஆகும், உச்சம் கால் பங்குக்கு மேல் தணியும், உடம்பில் சேரும் மொத்த அளவு ஏறக்குறைய அதேதான். ரத்தத்தில் இருப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரவு 11 மணிக்குப் போட்டுப் படுத்தால் காலை 11 மணிக்கும் கால்வாசி மிச்சம் இருக்கும். எட்டு மணிச் சாப்பாட்டோடு போட்டால், எரிச்சல் தலைதூக்கும் பதினோரு மணிக்குச் சரியாக வேலை செய்யும். காலையில் எழும்போது பெரும்பகுதி இறங்கியிருக்கும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழவேண்டும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பி12 குறைந்தாலும் கால் இதே மாதிரிதான் எரியும், மரக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்கள், அசிடிட்டிக்கான பான்டோப்ரசோலை விடாமல் போடுகிறவர்கள், சுத்த சைவக்காரர்கள் ஆகியோருக்குப் பி12 குறைவது சகஜம். நண்பர் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார், சைவமும் கூட. ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பார்க்காமலே கூட்டுக் கேப்ஸ்யூலைத் தொடங்கியாகிவிட்டது. மூன்று மாதத்தில் எரிச்சல் நின்றது. நிறுத்தியது ப்ரீகாபலினா, பி12-ஆ? பி12 என்றால் ப்ரீகாபலினை வீணாக வருடக்கணக்கில் விழுங்கப்போகிறார். ப்ரீகாபலின் என்றால் பி12-க்கு வீணாகக் காசு அழுகிறார். இப்போது டெஸ்ட் எடுத்தும் பயனில்லை: வெளியிலிருந்து தினமும் பி12 போய்க்கொண்டிருப்பதால் எண் உயரமாகவே காட்டும். தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையை இந்த ஜோடி தேவையில்லாதது போல ஆக்கிவிடுகிறது. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

அடுத்தது அளவு. தனி ப்ரீகாபலின் 50, 75, 150 என்று வருகிறது. கூட்டில் பெரும்பாலும் 75-தான். மேலே சொன்ன சிறுநீரகக் கணக்குப்படி பாதியாக்க வேண்டியவர் என்ன செய்வார்? கேப்ஸ்யூலைத் திறந்து பாதியைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ப்ரீகாபலின் வெள்ளைப் பொடி, மெத்தில்கோபாலமின் அடர் சிவப்பு. கலந்து இளஞ்சிவப்பாகக் கிடக்கும் பொடியில் எது எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க வழியில்லை. வெளிச்சம் பட்டால் மெத்தில்கோபாலமின் கெட்டும் போகும். எஸ்ஆர் என்று போட்ட மாத்திரையை உடைப்பது இன்னும் மோசம், மெதுவாக இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும்.

நிறுத்துவதும் இதனால்தான் சிக்கல். திடீரென்று விட்டால் தூக்கம் போகும், வியர்க்கும், குமட்டும், பதற்றம் வரும். "பார்த்தீங்களா, வலி திரும்பிடுச்சு" என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். குறைந்தது ஒரு வாரத்துக்காவது படிப்படியாகக் குறைக்க வேண்டும், நெடுநாள் சாப்பிட்டவர் இன்னும் மெதுவாக. 75-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே படியே இல்லாத கேப்ஸ்யூலை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது. பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு இது கூடுதலாக வரும். எடையும் ஏறும். ட்ரமடோல் (வலி மாத்திரை), அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை), மது இவற்றோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக்கா வலிக்கும் இதையே எழுதித் தருகிறார்கள். 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட இது மேலாக எதுவும் செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடியது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், புதிதாகத் தொடங்கப்போகிறவர் கேட்டால் இந்தக் கூட்டுக் கேப்ஸ்யூலை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 2022-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சர்க்கரை நரம்பு வலியில் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், ப்ரீகாபலின் மூன்றையும் ஒப்பிட்டது. வலியைக் குறைப்பதில் மூன்றும் சமம். வேறு வழி இருக்கிறது என்று டாக்டரிடம் பேசலாம். ப்ரீகாபலின்தான் என்று முடிவானால் பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சீட்டில் தனி ப்ரீகாபலின் எழுதித் தரச் சொல்லுங்கள். பி12 குறைவாக இருந்தால் அதைத் தனி மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்கலாம்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: இன்றைக்கே நிறுத்தாதீர்கள். சிறுநீரக ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போய், இரண்டு மருந்தையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பி12 அப்படியே தொடரட்டும். ப்ரீகாபலினை மட்டும் 75-இலிருந்து 50-க்கு இறக்கி ஓரிரு வாரம் பாருங்கள். எரிச்சல் தலைகாட்டவில்லை என்றால் அடுத்த படி.