த்ரீஎம் 6200 அரைமுக மாஸ்க்: தூசுக்கு நம்பலாம், ஆவிக்குக் கணக்கு வேண்டும்

மூக்கையும் வாயையும் மூடித் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ளும் சாம்பல் நிற மாஸ்க், இரு கன்னப் பக்கமும் கழற்றி மாட்டும் ஃபில்டர். கிரைண்டர் ஓடும் இடத்திலும் பெயின்ட் அடிக்கும் இடத்திலும் அதிகம் கண்ணில் படும் மாடல் இது. இதே உடலில் 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. நடுத்தரம் எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்று மொத்தமாக 6200 வாங்கிப் போடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும் முதல் தப்பு.

மாஸ்க் உடல் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. எடை குறைவு. பழுதானால் வால்வும் பட்டையும் தனியாக மாற்றலாம். ஃபில்டரை அடையாளக் கோட்டில் பொருத்திக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருப்பினால் உட்கார்ந்துவிடும். குறை இரண்டு. ஒன்று, முகத்தில் படும் பகுதி சிலிகான் அல்ல. நாள்பட நாள்பட அதன் மென்மை குறையும். இன்னொன்று, பேசுவதற்காகச் சட்டென இறக்கிவிடும் கொக்கி கிடையாது. அதனால் ஆட்கள் மாஸ்க்கைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். சட்டையில் இருக்கும் தூசு உள்பக்கம் ஒட்டும். திரும்ப மேலே ஏற்றியதும் அதையே இழுத்துச் சுவாசிக்க வேண்டும். நாள் முழுவதும் பேசிக்கொண்டே செய்யும் வேலை என்றால், அதே நிறுவனத்தின் 6500 வரிசையில் இறக்குக் கொக்கியோடு வரும் சிலிகான் மாடல் மேல்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருவோம். 2091 என்ற இளஞ்சிவப்பு வட்டு பி100 தரம்: 0.3 மைக்ரான் அளவுத் துகளில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அப்படியானால் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே வராது என்று தோன்றும். ஆனால் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா அரைமுக மாஸ்க்குக்குக் கொடுக்கும் பாதுகாப்பு மதிப்பு 10தான். அதாவது வெளிக்காற்றில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரலாம் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். காரணம் ஃபில்டர் அல்ல, முகம். மூக்குத் தண்டின் இருபுறமும் தாடைக்கு அடியிலும்தான் கசிவு. ஒரு நாள் வளர்ந்த தாடிமுடி போதும், விளிம்பு தோலில் உட்காராது.

இந்தப் பத்தை வைத்து ஒரு கணக்கு. கல்லிலும் கான்கிரீட்டிலும் இருந்து வந்து மூச்சில் போகும் படிகச் சிலிக்காத் தூசுக்கு ஓஷாவின் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். எனவே இந்த மாஸ்க் தாங்குவது 500 வரைதான். கிரானைட்டையோ கான்கிரீட்டையோ உலர்வாக அறுத்தால் அதைத் தாண்டிப் போவது அரிதல்ல. பிளேடில் தண்ணீர் விடுங்கள், அல்லது தூசு எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வையுங்கள். மாஸ்க் அதற்குப் பிறகு வருவது. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு மாஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

2097 பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். 2091 போலவே வட்டு, உள்ளே மெல்லிய கரி அடுக்கு. வெல்டிங் செய்யும்போது வரும் நெடி போன்றதைக் குறைக்கத்தான் அந்தக் கரி. நாற்றம் வரவில்லையே என்று இதை மாட்டிக்கொண்டு தின்னர் அடிப்பவர்கள் உண்டு. தின்னருக்கு 6001 போன்ற கரிமஆவிக் கேட்ரிட்ஜ் (கரைப்பான்களின் ஆவியை உறிஞ்சும் கரி நிரம்பிய டப்பா) வேண்டும். ஸ்பிரே அடித்தால் அதன் மேல் 501 மூடியோடு 5என்11 துகள் பஞ்சும் வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்குவதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்க முறையில் கரிமஆவிக்குக் கறுப்பு, ஐரோப்பிய முறையில் பழுப்பு. மஞ்சளுக்கும் இரண்டு முறையிலும் பொருள் வேறு. எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

கேட்ரிட்ஜ் எத்தனை நாள் வரும்? நாற்றம் வந்ததும் மாற்றலாம் என்பது ஆபத்தான பழக்கம். மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மீறும் பொருள்கள் பல. ஒரு தோராய விதி உண்டு: ஆவியாகும் பொருளின் கொதிநிலை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றில் அதன் அளவு 200 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 200 பங்கு) கீழ், வேலை மிதமானது என்றால் 8 மணி நேரம் எதிர்பார்க்கலாம். டொலுவீன் (111 டிகிரி) இதற்குள் வரும். அசிட்டோன் (56 டிகிரி) வராது. மூச்சு வாங்கும் கடின வேலையென்றால் நேரம் பாதியாகும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலும் பாதியாகும். மாட்டிய தேதியையும் நேரத்தையும் கேட்ரிட்ஜ் மேலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

கார்பன் மோனாக்சைடுக்கு இது உதவாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடிய தொட்டி, கிணறு, சாக்கடைக் குழி எதிலும் இதோடு இறங்கக் கூடாது. ஃபில்டர் காற்றைச் சுத்தம் செய்யும், உண்டாக்காது. பெயின்ட் உரிக்கும் மெத்திலீன் குளோரைடு கரிக் கேட்ரிட்ஜை மிக விரைவில் தாண்டிவிடும். இரண்டு டப்பாவாக வரும் பாலியூரித்தேன் பெயின்டில் உள்ள ஐசோசயனேட்டின் நெடி, ஆபத்தான அளவுக்குப் பிறகே தெரியும். இந்த இரண்டுக்கும் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் குழாய் மாஸ்க்தான் சரி.

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இரண்டு சோதனை, அரை நிமிட வேலை. முன்பக்க வால்வு மூடியை உள்ளங்கையால் அடைத்து மெல்ல ஊதுங்கள். மாஸ்க் லேசாக உப்ப வேண்டும், ஓரத்தில் காற்று தெரியக் கூடாது. பிறகு வட்டு ஃபில்டரின் நடுக் குழியைக் கட்டைவிரலால் அழுத்தி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சரியில்லையென்றால் பட்டையை இறுக்குவதற்கு முன் மாஸ்க்கை நகர்த்திப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் விளிம்பு மடங்கிக் கசிவு கூடும். சைஸ் தேர்வுக்கு மட்டும் இது போதாது. தலைக்கு மேல் கூடு போட்டுச் சாக்கரின் தெளித்துச் செய்யும் சோதனை வேண்டும்: தலையை ஆட்டி, குனிந்து, பேசி, ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். இனிப்பு நாக்கில் தட்டினால் அந்த சைஸ் ஆகாது. சோதனைக்கு முந்தைய 15 நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது.

கழுவும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு, 43 டிகிரிக்கு மிகாத வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் பயன்படுத்துங்கள். கிருமி நீக்க, ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லி வீட்டுப் பிளீச், 2 நிமிடம். பிறகு நன்றாக அலச வேண்டும், சோப்பு தங்கினால் தோல் அரிக்கும். முன் வால்வின் மெல்லிய ரப்பர் இதழை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதில் ஒரு துளி பெயின்ட் காய்ந்திருந்தாலும் முழுதாக மூடாது.

கரிக் கேட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க்கை ஸ்பிரே கூடத்தின் ஆணியில் தொங்கவிடாதீர்கள். யாரும் மாட்டாமல் இருக்கும்போதும் கரி அங்குள்ள ஆவியை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். மூடும் பிளாஸ்டிக் பையில், மடங்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.