இடக்கைக் கத்தரிக்கோல்: தையல் கடையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் சிறிய தையல் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர்களில் பலர் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து வருபவர்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் செட்டு முண்டுக்கு (கேரளப் பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டுச் சேலைக்கு) பொருத்தமான ரவிக்கைத் துணிகள் மேசை நிறையக் குவிந்துவிடும். அந்நாட்களில் காலை முதல் இரவு வரை கத்தரிக்கோல் கையை விட்டு இறங்காது. எனக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்தும் கத்தரிக்கோலையே இடக்கையில் பிடித்து வெட்டிவிட்டு, பிறகுதான் இடக்கைக்கென்றே செய்யப்பட்ட 9 அங்குலத் துணிக் கத்தரிக்கோலுக்கு மாறினேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதற்காக, இத்தனை காலப் புழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். கத்தரிக்கோல் வெட்டுவது கூர்மையால் மட்டும் அல்ல. இரண்டு அலகுகளும் வெட்டும் இடத்தில் ஒன்றையொன்று நெருக்கி உரச வேண்டும். வலக்கையால் பிடிக்கும்போது பெருவிரல் இயல்பாகவே வெளிப்புறம் தள்ளுகிறது, மற்ற விரல்கள் உள்நோக்கி இழுக்கின்றன; சாதாரணக் கத்தரிக்கோலில் அந்த அழுத்தமே அலகுகளைச் சேர்த்து வைக்கிறது. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், அதே இயல்பான அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். கெட்டியான பருத்தித் துணி எப்படியோ வெட்டுப்படும். ஜார்ஜெட், ஷிஃபான், மெல்லிய லைனிங் துணி ஆகியவை இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். இதோடு, மேல் அலகு எப்போதும் வலப்பக்கத்தில் இருப்பதால், இடக்கைக்காரரின் கண்ணுக்குச் சாக்பீஸ் கோடு தெரியாமல் மறைந்துவிடும். கழுத்து வளைவை வெட்டும்போது தலையைச் சாய்த்து அலகுக்கு அப்பால் எட்டிப் பார்த்தே வெட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் மாலையானால் பிடரி வலி வருவதை நான் வயதின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இடக்கைக் கத்தரிக்கோலில் மேல் அலகு இடப்பக்கம் இருக்கும். கைப்பிடியின் வளைவு இரண்டாம்பட்சம்தான். இணையத்தில் இரு கைக்கும் பொருந்தும் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பிடியை மட்டும் பொதுவாக வார்த்துவிட்டு அலகுகளைப் பழைய முறையிலேயே வைத்திருக்கின்றன; அவற்றால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. நுனியை எதிர்ப்புறம் நீட்டிப் பிடித்துப் பார்த்தாலே போதும், மேலே வரும் அலகு வலப்பக்கம் இருந்தால் அது வலக்கைக்காரருக்கு உரியது. தலைகீழாகத் திருப்பினாலும் இது மாறாது. விற்பவர் என்ன சொன்னாலும் இதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

கையில் வந்த முதல் சில வாரங்கள் ஏமாற்றமாகவே இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பழகிய எவரும், தாம் அறியாமலே ஒரு தந்திரத்தைக் கற்றிருப்பார்கள்: பெருவிரலை உள்நோக்கி இழுத்து, மற்ற விரல்களை வெளியே தள்ளி, அலகுகளை வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது. என் பெருவிரல் அடியில் காய்ப்பு விழுந்ததே அதனால்தான். புதிய கத்தரிக்கோலில் அதே திருகலைக் கொடுத்தால் அலகுகள் பிரிந்து, விலை உயர்ந்த கருவி மொண்ணையாக நடந்துகொள்ளும். பழைய துணிகளில் நேர்க்கோடுகளாக வெட்டி வெட்டி, விரல்களைத் தளர்த்தி, கையை இயல்புக்குத் திருப்பிய பிறகே அதன் அருமை தெரிந்தது. கோடு முழுவதும் கண்முன்னே தெரிய, நான்கு மடிப்புத் துணியிலும் அடிமடிப்பு நழுவாமல் வெட்ட முடிந்தது. காய்ப்பும் நாளடைவில் மறைந்தது.

குறைகளில் பெரியது சாணை. எங்கள் தெருவுக்குச் சக்கரத்தோடு வரும் அண்ணாச்சி நல்ல வேலைக்காரர். ஆனால் தீட்டி முடித்ததும் வழக்கப்படி வலக்கையில் பிடித்து ஒரு கந்தல் துணியில் வெட்டிப் பார்த்தார், துணி மடிந்தது. “இதுல வெட்டு விழல தங்கச்சி, ஆணி லூசா கெடக்கு” என்று ஆணியில் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டார். அதன்பின் அதைத் திறந்து மூடவே இரண்டு கை வேண்டியிருந்தது. எண்ணெய் விட்டு, தளர்த்தி, பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல நாட்கள் ஆயின. இப்போது அவர் தீட்டுவதோடு சரி, வெட்டிப் பார்ப்பது நான். விலையும் ஒரு குறைதான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள் நம் ஊர்த் தையல் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நான் வாங்கியதன் விலை அவற்றைப் போலப் பல மடங்கு. வரவழைக்கத் தாமதமும் ஆயிற்று.

எதிர்பாராத ஒரு லாபம் உண்டு. கடையில் வேலை பழகும் பிள்ளைகள் யாரும் இதைத் தொடுவதில்லை, அவர்கள் கைக்கு இது வெட்டாது. துணிக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டி முனையைக் கெடுப்பது எல்லாத் தையல் கடைகளிலும் தீராத சண்டை. என் மேசையில் அந்தச் சண்டை இல்லை.

ஆனாலும் சாதாரணக் கத்தரிக்கோல் ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்தே இருக்கிறேன். கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்ணின் பாட்டி, நான் இடக்கையில் கத்தரிக்கோலை எடுத்ததைப் பார்த்ததும், “முதல் வெட்டு வலங்கையால போடு மோளே, நல்ல காரியமல்லவா” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பணம் கொடுப்பதும் வாங்குவதும், விஷுப் பண்டிகையன்று கைநீட்டமாகக் காசு தருவதும், விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதும் வலக்கைக்கே உரியவை என்று இருக்கும் ஊரில், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடக்கைக் கத்தரிக்கோலை வலக்கைக்கு மாற்றினால் பட்டு கசங்கி நிற்கும், அது இன்னும் பெரிய அபசகுனமாகிவிடும். எனவே இழுப்பறையில் இருந்ததை எடுத்து, ஓரத்தில் வலக்கையால் ஒரு சிறு வெட்டுப் போட்டேன். மற்றதை அவர் போன பிறகு என் கை பார்த்துக்கொண்டது.

தையல் இயந்திரம் நமக்குப் பகை அல்ல. கைச்சக்கரம் வலப்புறம் இருந்தாலும், துணியை வழிநடத்தும் நுட்பமான வேலை இடக்கைக்குத்தான் விழுகிறது. எம்பிராய்டரி வளைவுகளில் எனக்கு அது சாதகமாகவே இருக்கிறது. அளவு நாடாவின் இரு பக்கத்திலும் எண்கள் எதிரெதிர் முனையிலிருந்து தொடங்குவதால் அதிலும் சிக்கல் இல்லை. கற்கும்போது மட்டும் வலக்கைப் பழக்கமுள்ள ஆசிரியைக்குப் பக்கத்தில் அமராமல் எதிரே அமர்ந்தால், அவர் கை அசைவு கண்ணாடியில் தெரிவதுபோல நமக்கு அப்படியே பொருந்தும். நான் தொழில் பழகியதும், வலக்கைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதும் இந்த முறையில்தான்.

எல்லாத் தொழிலிலும் இப்படிக் கருவியை மாற்றித் தப்பிக்க முடியாது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் சித்தப்பா மகனும் இடக்கைக்காரன். மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடுவதில்லை. மேலேறும்போது சில பாகை வலப்புறம் சாய்கின்றன. ஆகவே இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்கும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும். ஒட்டு மரங்களுக்கு 30 பாகைச் சரிவு என்பது கணக்கு. தனக்கு வசதி என்று சரிவை எதிர்ப்புறம் மாற்றினால் சிரட்டையில் விழும் பால் குறைந்துபோகும். கத்தியை வேண்டுமானால் கொல்லரிடம் சொல்லி மாற்றலாம், மரத்தை மாற்ற முடியாது என்பதால், அவன் வலக்கையில் வெட்டவே பழகிக்கொண்டான். உண்பதும் எழுதுவதும் இன்றும் இடக்கையால்தான், அதைப் பற்றி வீட்டில் தனிச் சண்டை உண்டு.

வாங்கலாமா என்றால், புதிதாகத் தொழில் பழகும் இடக்கைப் பிள்ளைக்குத் தயங்காமல் முதலிலேயே வாங்கிக் கொடுங்கள். தவறான திருகலைக் கற்று, பிறகு அதை மறக்கும் பாடு மிச்சம். பல ஆண்டுகள் சாதாரணக் கத்தரிக்கோலில் கை பழகி, வலியோ பிசிறோ இல்லாமல் வெட்டுபவர்களுக்கு அவசரமே இல்லை, பட்டும் ஜார்ஜெட்டும் நிறைய வெட்டுபவர்கள் மட்டும் யோசிக்கலாம். 8 அங்குலத்துக்குக் குறைந்ததை ரவிக்கை வேலைக்கு எடுக்க வேண்டாம். தீட்டக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.