இரண்டு தொண்டியை ஒன்றாக்கிய செயலி

மண்டபத்தில் எங்கள் கருவாட்டு மொத்த வியாபாரத்தின் கணக்கு என் பொறுப்பு. கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய விற்பனையை அளக்க, ஒரு நிறுவனம் செய்து தந்த இணையச் செயலியை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தோம். அதை விட்டுவிட்டு, பரமக்குடி இளைஞர் ஒருவர் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளைக் கொண்டு எழுதித் தந்த செயலிக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது.

மாறியதற்குக் காரணம் தொண்டி என்ற ஊர்ப்பெயர். பழைய செயலியில் ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டும். 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையில், ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நேரடியாக ஒப்பிடும் கணினிக்கோ இரண்டு வேறு சொற்கள். அலுவலகத்தில் நாங்கள் அடித்தது ஒரு விதம், தொண்டிப் பக்கம் போகும் அண்ணனின் கைபேசி அடித்தது இன்னொரு விதம். மாத அறிக்கை எங்கள் தொண்டியை மட்டும் கூட்டியது. வசூல் ஏன் இவ்வளவு குறைவு என்று அவரை எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவர், பதில் சொல்லாமல் நின்றார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

புதியதில் ஊர்களுக்கும் கடைகளுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. ஆர்டரில் பெயர் இல்லை, கடையின் எண்தான் பதிவாகிறது. பட்டியலில் இல்லாத எண்ணைத் தரவுத்தளமே ஏற்காது. புதுப் பெயர் சேர்க்கும்போது ஒகரக் குறி ஒரே வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. இதற்கான வசதி 2020இல் வந்த போஸ்ட்கிரஸ் 13 முதல் உள்ளேயே இருக்கிறதாம். தேவிபட்டினத்தில் ஒற்று மிகுமா என்ற தகராறும் இதோடு ஒழிந்தது.

அளவுகோல்களையும் மாற்றச் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே மாத விற்பனையை மார்ச்சோடு ஒப்பிட்டு ஒருவரைக் குறை சொல்வது அநியாயம். இப்போது மே மாதத்துக்குப் பக்கத்தில் போன வருட மே நிற்கிறது. பழைய செயலியில் ஆர்டரைத் திருத்தினால் முந்தைய பதிவு அழிந்துவிடும்; இதில் ஒவ்வொரு திருத்தமும் தனி வரியாக இருக்கிறது. போய்வந்த கடைகளின் எண்ணிக்கையை எடுத்துவிட்டேன். ஒரே மாதத்தில் எத்தனை கடைகள் மறுபடி வாங்கின, பாக்கி எத்தனை நாளில் வந்தது, இவை போதும். நெத்தலி ஈரமாகப் போயிருந்தால் கடைக்காரர் இரண்டாம் முறை கேட்க மாட்டார்.

குறைகளும் உண்டு. நான்காம் மாதத்தில் அறிக்கை திறக்க ஒரு நிமிடம் ஆனது. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள், அதாவது வினவல்கள், கடைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. அவற்றை ஒரே வினவலாக்கி, கடை எண்ணுக்கும் தேதிக்கும் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போட்டதும் உடனே திறக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் மட்டும் இன்னும் பதிய முடியவில்லை. மூக்கையூர்ப் பக்கம் போகிறவர் காகிதத்தில் எழுதி வந்து இரவில் ஏற்றுகிறார். இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

பழைய பதிவுகளையும் சேர்த்து மாற்றியபோது இரண்டு தொண்டியும் ஒன்றாயின. அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகளில் விடுபட்ட ஊக்கத்தொகையை, அன்று போலவே எல்லார் முன்னிலையிலும் அவர் கையில் கொடுத்தேன்.