ஏர் பெட்: படுக்கையில் இருப்பவருக்கு ஊழியம் செய்கிறவர்களின் மதிப்புரை

சபையின் வீட்டுச் சந்திப்புக் குழுவுக்கு ஏதாவது வாங்கித் தர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வேதாகமமோ போர்வையோ வாங்குகிறார்கள். எங்களைக் கேட்டால் ஏர் பெட் என்போம். காற்றறைகள் கொண்ட மெத்தை, அதோடு ஒரு பம்ப், இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். ஒரு வரிசை அறைகள் உப்பும்போது அடுத்த வரிசை தளரும்; ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு சுற்று. உடம்பின் ஒரே இடத்தில் எடை நிலைத்து நின்றால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வரும். அந்த எடையை மெத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இதில் இரண்டு வகை. குமிழ் வகை மெல்லியது, விலை குறைவு. தானாகக் கொஞ்சம் அசையக்கூடியவருக்கு, சில வாரங்களுக்கு, இது போதும். குறுக்கே நீள உருளைகள் அடுக்கியது குழாய் வகை. உயரம் அதிகம், ஓர் உருளை ஓட்டையானால் அதை மட்டும் கழற்றி மாற்றும் வசதி பல மாடல்களில் உண்டு. மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கும், உடல் கனத்தவருக்கும், ஏற்கெனவே புண் தொடங்கியவருக்கும் இதுதான். சபை வாங்கி வீடு வீடாகக் கொடுத்து வாங்குவதென்றால் குழாய் வகையையே எடுங்கள். குமிழ் வகை இத்தனை கைகள் மாறுவதைத் தாங்காது.

வழக்கமான மெத்தையை எடுத்துவிடாமல் அதன் மேலேயே இதை விரிக்க வேண்டும். குழாய் வரும் முனை கால்பக்கம் இருக்கட்டும். ஓரங்களில் தொங்கும் மடிப்புகளை அடிமெத்தைக்குக் கீழே செருகினால் நழுவாது. பம்பைக் கட்டிலின் கால்பக்கச் சட்டத்தில் மாட்டி, நோயாளியைப் படுக்க வைக்குமுன் அரைமணி நேரம் காற்று ஏற விடுங்கள். பிறகு அவருடைய எடைக்கு ஏற்பப் பம்பிலுள்ள திருகைச் சரிசெய்யுங்கள். இங்கேதான் அதிகமானோர் தவறுகிறார்கள். நன்றாக உப்பினால் நல்லது என்று கடைசி வரை திருகிவிட்டால் மெத்தை பலகைபோல் விறைத்துவிடும். குறைத்து வைத்தால் இடுப்பு அடியில் போய் முட்டும். சரிபார்க்க வழி: நோயாளி படுத்திருக்கும்போது, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, ஏர் பெட்டுக்கும் அடிமெத்தைக்கும் நடுவே கையை அவருடைய இடுப்பெலும்புக்கு நேர் கீழே நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும்.

மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் இழுத்துக் கட்டாமல். அன்பின் மிகுதியால் ரப்பர் ஷீட், அதன்மேல் கம்பளி, அதன்மேல் இரண்டு விரிப்பு என்று அடுக்குகிறார்கள். அத்தனை அடுக்கையும் தாண்டிக் காற்றறையின் வேலை தோலை எட்டாது. வியர்வை மட்டும் தேங்கும்.

முக்கியமான குறை ஒன்று, அது மெத்தையுடையது அல்ல. இது வந்தவுடன் இனி நோயாளியைப் புரட்ட வேண்டாம் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். புரட்டத்தான் வேண்டும். மெத்தை இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய வழக்கம். இது இருந்தால், தோலைப் பார்த்து, மருத்துவரோ செவிலியரோ சொல்கிறபடி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம். ஒருவர் மட்டும் இழுத்துப் புரட்டக்கூடாது. விரிப்பை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து அங்கேயே புண்ணாகும். முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். குதிகாலுக்கு மெத்தை மட்டும் உதவாது: கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்த்துவிடாதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிவு நிலைப்படாதவருக்கு இந்த மெத்தையே கூடாது.

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று இயேசு சொன்ன வசனத்தை நம்பிப் போகிறவர்கள், அந்த வசனத்தில் படுத்திருப்பவர் யார் என்பதை மறக்கக்கூடாது. அவரைத் தொடுமுன் "இப்போது உங்களை இடது பக்கம் திருப்பப்போகிறோம்" என்று சொல்ல வேண்டும். நினைவில்லாதவரிடமும் சொல்ல வேண்டும். சாய்த்துவிட்டு அப்படியே நீண்ட ஜெபத்தைத் தொடங்குகிற குழுக்கள் உண்டு. கீழே மாட்டிய தோள் வலிப்பது ஜெபிக்கிறவருக்குத் தெரியாது. முதலில் தோள், காது, கணுக்கால், சிறுநீர்க் குழாய் எல்லாம் நசுங்காமல் இருக்கிறதா பாருங்கள். ஜெபம் அதற்குப் பிறகு, சுருக்கமாக.

பவுல் ரோமருக்கு எழுதும்போது இரக்கம் செய்கிறவன் உற்சாகத்துடன் செய்யட்டும் என்கிறார். நடைமுறையில் அந்த உற்சாகத்தைத் தின்பது பெரும்பாலும் விசுவாசக் குறைவு அல்ல, தூக்கக் குறைவு. இயேசுவை வீட்டில் உபசரித்த மார்த்தாளும் வேலை செய்ததற்காக முறையிடவில்லை, தனியாக விடப்பட்டதற்காகத்தான் முறையிட்டாள். இரவில் புரட்டும் இடைவெளி சற்றுக் கூடினாலே மகளோ மருமகளோ சேர்ந்தாற்போலத் தூங்க முடியும். அதோடு மதியத்துக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று சபை முறைவைத்து வந்தால், பராமரிக்கிறவர் முகத்தில் எரிச்சல் குறைந்து மறுபடி பேச்சு வரும். நோயாளி முதலில் கவனிப்பதும் அதைத்தான். இந்த மெத்தைக்கு நாங்கள் மதிப்பெண் கொடுப்பது இதற்காகவே. ஆள் அனுப்பாமல் மெத்தையை மட்டும் அனுப்பும் சபைக்கு அந்த மதிப்பெண் சேராது.

பம்பின் ரீங்காரம் சிலருக்கு இரவில் தொந்தரவு. கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே மடித்த துணி வைத்தால் குறையும். மின்சாரம் நின்றால் காற்று மெல்ல இறங்கும்; அது திரும்ப வரும்வரை நோயாளியைப் பழையபடி அடிக்கடி புரட்டுங்கள். பம்ப் ஓடியும் மெத்தை தளர்ந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு ஓட்டையைத் தேடலாம். ஊக்கு, நகவெட்டி, சூடான ஒத்தடப் பை எதுவும் படுக்கையில் வேண்டாம். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் உயர்த்தலாம்.

ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் சோப்பு நீரில் துடைத்து, 5 சதவீத பிளீச்சில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து மறுபடி துடைத்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். ஓட்டையை அடைக்கும் ஒட்டுத்துண்டுப் பொட்டலத்தைப் பம்ப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்; தொலைவது எப்போதும் அதுதான்.