ராமன் கருவியோடு ஆறு வருடம்: மோனசைட்டா, செனோடைமா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுத்த பிறகு, மிச்சத்தில் தேன் நிற மணிகள் தென்படும். பெரும்பாலும் மோனசைட், அதாவது சீரியம் போன்ற அருமண் தனிமங்கள் கொண்ட பாஸ்பேட் கனிமம். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் கண்டுகொண்ட அதே கனிமம். அதன் நடுவே எப்போதாவது ஒரு செனோடைம் (இட்ரியம் கொண்ட பாஸ்பேட்) மணி ஒளிந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது.

ஆறு வருடமாக இதற்கு ராமன் கருவிதான் எனக்குக் கை கொடுக்கிறது. லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியிலிருந்து கனிமத்தின் அணு அதிர்வுகளைப் படிக்கும் கருவி அது. பொடிக்க வேண்டாம், அமிலத்தில் கரைக்க வேண்டாம். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து 532 நானோமீட்டர் பச்சை லேசரை விட்டால் ஒரு நிமிடத்துக்குள் வரைபடம் வந்துவிடும். பாஸ்பரசைச் சுற்றியுள்ள நான்கு ஆக்சிஜனும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வுதான் வரைபடத்தின் உயரமான பீக் (முகடு). அப்படைட்டில் (கால்சியம் பாஸ்பேட்) அது 965 செ.மீ.⁻¹ (ராமன் வரைபடத்தின் அலகு) அருகே வரும், மோனசைட்டில் 970–975, செனோடைமில் 1000 பக்கம். சீரியத்தை விட இட்ரியம் அயனி சின்னது, அதனால் பீக் மேலே ஏறுகிறது.

இந்த ஒரு பீக்கை நம்பித்தான் முதல் வருடமே ஏமாந்தேன். ஒரு மணியில் 1008-இல் பெரிய பீக், 974-இல் சின்னது. ‘செனோடைமோடு ஒட்டிய மோனசைட்’ என்று நோட்டில் எழுதியே விட்டேன். அன்று காலை கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, சிலிக்கான் சில்லை வைத்து 520.7 வருகிறதா என்று சரிபார்க்கவில்லை. அதனால் பீக் 1000-இலிருந்து எட்டு எண் தள்ளியிருப்பதைக் கருவியின் தலையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து வரைபடத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் 439, 356. சிர்க்கான்! பாஸ்பேட்டே இல்லை, சிலிக்கேட். மோனசைட்டாக இருந்தால் 467 பக்கம் காட்டியிருக்கும்.

பெரிய குறை 785 நானோமீட்டர் லேசர் உள்ள கையடக்கக் கருவி. மோனசைட்டில் இருக்கும் நியோடிமியம் என்ற அருமண் தனிமம் அந்த ஒளியை வாங்கி 870 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் தானே ஒளிரும். ராமன் கணக்கில் அது 1100-க்கு மேலே போய் விழும். பாஸ்பேட் பீக் பக்கத்தில் ஏதோ மலைத்தொடர் போலத் தெரியும். அந்த மலையே ‘இது அருமண் கனிமம்’ என்று காட்டிக்கொடுப்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தக் கருவி இப்போது அலமாரியில் தூங்குகிறது.

மோனசைட்டில் தோரியம் எவ்வளவு என்று கேட்டால் இதில் விடை தேடாதீர்கள். அதற்கு நானும், எலக்ட்ரான் கற்றையால் தனிமங்களின் அளவைக் கணக்கிடும் எலக்ட்ரான் மைக்ரோபுரோப்புக்கு வரிசையில்தான் நிற்கிறேன்.