பழைய கல்கி இதழ் தேடறவங்க பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இத படிங்க

1950-54 கல்கி இதழ் யாராவது வாட்ஸப்புல விக்கறாங்கன்னா உஷாரா இருங்க. நான் 14,000 ரூபா குடுத்து ஏமாந்துட்டு உக்காந்திருக்கேன்.

பொன்னியின் செல்வன் தொடரா வந்த இதழ், ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தோட, பக்கம் குறையாம கிடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு தேடறவங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு தொடர்கதைய மட்டும் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணி வச்சுக்கிட்டாங்க (எங்க பாட்டியும் தான், அவங்கள குத்தம் சொல்ல முடியுமா), மிச்சம் பழைய பேப்பர்காரன்கிட்ட போயிடுச்சு. அதனால முழு இதழுக்கு தான் விலையே.

நம்ம ஆளு சொன்னது 1951 இதழ் 10, ஒண்ணு 1,400, "தாத்தா சேத்து வச்சது சார், ஒரு பக்கம் மிஸ் ஆகல". அட்டை போட்டோ மட்டும் வந்துச்சு. உள்பக்கம் காட்டுங்கன்னா "பிரிச்சா பொடிஞ்சிடும் சார்"னார், பழைய நியூஸ்பிரிண்ட் நிஜமாவே அப்படித்தாங்கறதால நானும் தலையாட்டிட்டேன், இன்னொரு பார்ட்டி கேக்கறாருன்னு வேற ஒரு பிட்ட போட்டாரு, உடனே ஜிபே பண்ணிட்டேன்.

பார்சல பிரிச்சா பின்னு பளபளன்னு புதுசா இருக்கு, ஆனா அத சுத்தி அட்டைல துருக்கறை. தேச்சு பாத்தா வரல, கறையும் சேந்து பிரிண்ட் ஆயிருக்கு! கலர் ஜெராக்ஸ். அட்டைல 'விலை'ங்கற வார்த்தைய பாத்ததும் தான் வயிறு எரிஞ்சுது. 1978ல எழுத்து மாத்தறதுக்கு முன்னாடி லை-க்கு யானைத் தும்பிக்கை மாதிரி சுழி தானே போடுவாங்க, இதுல இப்ப நாம டைப் பண்ற லை. ஸ்கேன்ல கிழிஞ்சிருந்த இடத்த கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டிருக்காரு மனுஷன். உள்ள புரட்டினா ஹேர் ஆயில் விளம்பரத்துல நயா பைசால விலை. நயா பைசா வந்ததே 1957 ஏப்ரல் 1 தான், 1951 இதழ்ல எப்படி வரும்? ஏதோ பிற்பாடு வந்த, யாரும் சீண்டாத இதழுக்கு இந்த அட்டைய மாட்டி பின் அடிச்சிருக்காரு. 8 இதழ் இப்படி. மிச்சம் 2 ஒரிஜினல் தான், ஆனா தொடர்கதை பக்கம் கத்தரியால நறுக்கின தடம் மட்டும் தான் இருக்கு.

கேட்டா "பழசுன்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ், அப்புறம் பிளாக்.

வாங்கறதா இருந்தா நடுப்பக்கம் பின்னோட தெரியற மாதிரி, தொடர்கதை பக்கம், ஏதாவது ஒரு விளம்பரப் பக்கம், இந்த மூணுக்கும் வீடியோ கேளுங்க. பொடிஞ்சிடும்னு சொன்னா விட்ருங்க. அந்த ஆளு அனுப்பற போட்டோல இதழ்கள பச்ச கலர் பாய் மேல பரப்பி வச்சிருக்கும், போன வாரம் வேற நம்பர்ல அதே பாய், அதே 10 அட்டை, விலை மட்டும் 1,800 ஆயிருக்கு.