அந்தமானுக்கு கட்டிட்டு போன சோத்து மூட்டை: டிராவல் பேக் வாங்கினவ சொல்றேன்

ஜனவரில நாங்க நாலு பேர் அந்தமான் போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் எங்க அத்தை. அத்தை சுத்த சைவம், மீன் வறுத்த கல்லுல சுட்ட தோசைன்னு ஒரு சந்தேகம் வந்தாலே போதும் அன்னிக்கு வெறும் வாழைப்பழம்தான். அதனால டிக்கெட் போட்ட அன்னிக்கே சாப்பாட்டு கவலை ஆரம்பிச்சாச்சு. எங்க ஏரியாவுல வீட்டுல இருந்தே டிராவல் பேக் (வெளியூர் போறவங்க கூட எடுத்துட்டு போற சாப்பாட்டு பாக்கெட்) செஞ்சு தர்ற ஒரு அக்கா இருக்காங்க, பேர் போடல. அவங்ககிட்ட ஆறு நாளைக்கு நாலு பேருக்குன்னு ஆர்டர் குடுத்தேன். ரவா உப்புமா மிக்ஸ், அவல் உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, முறுக்கு, ஓமப்பொடி. எடை போட்டு பாத்தா ஏழு கிலோ. உள்நாட்டு பிளைட்ல செக்-இன், அதாவது ஏர்லைன்ஸ்கிட்ட குடுத்து அனுப்பற பெட்டி, ஆளுக்கு 15 கிலோதான், அதுல ஒரு ஆளோட பாதி இதுக்கே போச்சுன்னு வீட்டுக்காரர் முறைச்சாரு.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். அவல் உப்புமா மிக்ஸ் அருமை, சத்தியமா. கொதிக்கற தண்ணி ஊத்தி தட்டு போட்டு மூடி அஞ்சு நிமிஷம், பொலபொலன்னு வந்துடும், கடுகு உளுத்தம்பருப்பு கறிவேப்பிலை எல்லாம் தாளிச்சே போட்டிருக்காங்க. ரவா உப்புமா அந்த அளவுக்கு இல்ல, சுடுதண்ணி ஊத்தி மட்டும் வெச்சா நடுவுல கட்டி கட்டியா மாவு நிக்குது, அதுக்கு அடுப்புல கிளறணும்.

இப்ப ஒரு விஷயம், இது போற வரைக்கும் எனக்கு உறைக்கல. அந்தமான் நம்மள விட ரொம்ப கிழக்க இருக்கு, ஆனா கடிகாரம் மட்டும் நம்ம கடிகாரம்தான். அதனால ஜனவரில சாயங்காலம் அஞ்சேகாலுக்கே சூரியன் போயிடுது. ஆறு மணிக்கு கும்மிருட்டு, பொண்ணு ராத்திரி எட்டு மணி ஆன மாதிரி பசிக்குதும்மான்னு நிக்கறா. காலைல அதுக்கு நேர் எதிர், ஹேவ்லாக் தீவுக்கு போற படகு விடியகாலைல, அதுக்கும் முன்னாடியே படகுத்துறைல நிக்கணும், ஓட்டல் டிபன் ஏழரைக்குத்தான் ஆரம்பிக்குது, காசு கட்டின டிபன் ரெண்டு நாள் அப்படியே போச்சு. அந்த ரெண்டு நாளும் எங்களை காப்பாத்தினது அவல் உப்புமாதான். ஆனா படகுல வாந்தி வர்ற ஆளா இருந்தா வயிறு முட்ட சாப்பிடாதீங்க, மாத்திரையை ஏறறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே போட்டுக்கோங்க, நான் ஏறினதுக்கு அப்புறம் போட்டு அனுபவிச்சேன்.

சரி, கடுப்புக்கு வருவோம். புளிக்காய்ச்சலை அந்த அக்கா பிளாஸ்டிக் டப்பால முக்கால்வாசி மட்டும் ஊத்தி மூடி மேல டேப் சுத்தி குடுத்தாங்க. ஏர்போர்ட்ல பெட்டி வந்துச்சு, ரூமுக்கு போய் திறந்தா வீட்டுக்காரரோட வெள்ளை சட்டை முழுக்க நல்லெண்ணெய். அவர் ஒண்ணும் சொல்லல, அதுதான் பயமா இருந்துச்சு. தொக்கு மட்டும் காத்து உறிஞ்சி சீல் பண்ண கவர்ல இருந்துச்சு, அதுல ஒரு சொட்டு வெளிய வரல. விஷயம் இதுதான், பிளைட் மேல போகப்போக உள்ள காத்தழுத்தம் குறையும், பெட்டி வெக்கற இடத்துலயும் அதே கதை, எட்டாயிரம் அடி மலை மேல நிக்கற மாதிரி ஆயிடும். டப்பால காலியா இருக்கற இடத்துல மாட்டின காத்து விரிஞ்சு எண்ணெயை மூடி வழியா வெளிய தள்ளும். முறுக்கு பாக்கெட் கூட கேபின்ல பூரி மாதிரி உப்பி நின்னுச்சு. வெளியூர் போறவங்களுக்குன்னே விக்கறவங்க இதை தெரிஞ்சு வெச்சிருக்க வேணாமா?

ரெண்டாவது குறை பாக்கெட் சைஸ். எல்லாமே அரைக்கிலோ. அங்க கடல் காத்துல ஈரம் சொல்லி மாளாது, முறுக்கை மத்தியானம் பிரிச்சா ராத்திரி நமுத்து ரப்பர் மாதிரி இழுக்குது. இட்லிப்பொடி மூணாவது நாள் கட்டி தட்டிப்போச்சு, ஸ்பூனால குத்தி உடைச்சோம். அம்பது அம்பது கிராமா போட்டிருந்தா இந்த பாடு இல்ல.

கெட்டில் பத்தியும் கேப்பீங்க. மடக்கற சிலிக்கான் கெட்டில், 600 வாட், எடை ஒண்ணுமே இல்ல, அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல கொதிக்க ஆறேழு நிமிஷம் ஆகுது. தீவுல கரண்ட் அப்பப்ப போகும், அதனால ராத்திரியே பிளாஸ்க்ல சுடுதண்ணி புடிச்சு வெச்சுட்டேன். கெட்டிலை செக்-இன்லதான் போட்டேன், ஒரு பிரச்சனையும் இல்ல. பவர் பேங்க் மட்டும் கைப்பைல வெக்கணும், செக்-இன்ல போட்டா பெட்டியை திறக்க சொல்லி கூப்பிடுவாங்க. சின்ன கேஸ் அடுப்பு எடுத்துட்டு போலாம்னு யாராவது ஐடியா குடுத்தா காதுலயே வாங்காதீங்க, கேஸ் சிலிண்டர் ரெண்டுலயுமே கிடையாது. ஊறுகாய், தொக்கு, பொடி எல்லாம் செக்-இன்லயே போட்டுடுங்க, செக்யூரிட்டில நின்னு வாதாட வேண்டாம்.

அப்புறம் அத்தையோட தேங்காய். அங்க வெற்றிமலை முருகன் கோயில் இருக்குன்னு கேள்விப்பட்டு உடைக்கறதுக்கு ஒரு முழுத்தேங்காயை கைப்பைல வெச்சுட்டாங்க, எங்க யாருக்கும் தெரியாது. செக்யூரிட்டில எடுத்து வெளிய வெச்சுட்டாங்க. இருமுடில இருக்கற தேங்காய்க்கே 2024 அக்டோபர்ல தனியா அனுமதி குடுத்தாங்க, அதுவும் சபரிமலை சீசனுக்கு மட்டும். "எதுக்கும்மா, திருநெல்வேலிக்கே அல்வாவா, அங்க பாக்கற மரமெல்லாம் தென்னை மரம்தான்"னு வீட்டுக்காரர் சொன்னாரு, அத்தை போர்ட் பிளேர் வர்ற வரைக்கும் அவர்கூட பேசல.

போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆட்டோக்காரர்ல இருந்து எல்லாரும் பழைய பேர்லதான் சொல்றாங்க) இந்த மூட்டைக்கு வேலையே இல்ல. அபர்தீன் பஜார் பக்கம் போனா தமிழ்லயே பேசி சாப்பிடலாம், அத்தைக்கு சாம்பார் ரசத்தோட சாதம் கிடைச்சுது, கோயிலும் அங்கயே, தேங்காயும் அங்கயே வாங்கினோம். மூட்டை தேவைப்பட்டது ஹேவ்லாக்லயும் நீல் தீவுலயும்தான். அங்க சைவம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா டூரிஸ்ட் விலை, ஆர்டர் குடுத்தா வர்றதுக்கு முக்கால் மணி நேரம். ஓட்டல்ல வெறும் சாதம் மட்டும் வாங்கி பருப்புப்பொடி போட்டு நெய் ஊத்தி அத்தை மூணு வேளை ஓட்டிட்டாங்க. அந்த பருப்புப்பொடிக்கு மட்டும் பத்துக்கு பத்து.

ஆக ஏழு கிலோ வாங்கினதுல மூணு கிலோவை திருப்பி தூக்கிட்டு வந்தேன். அடுத்த தடவை அவல் மிக்ஸ், பருப்புப்பொடி, தொக்கு, இது மூணும் போதும், முறுக்கு வேணாம். ஊருக்கு வந்து அந்த அக்காகிட்ட எண்ணெய் கதையை சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேக்கல, "அச்சச்சோ, சட்டைல கறை போச்சா?"ன்னாங்க. போகல அக்கா. எலுமிச்சம்பழம் தேச்சு பாருங்கன்னு ஒரு யோசனை சொல்லிட்டு, இனிமே காத்து உறிஞ்சின கவர்லயே தர்றேன்னாங்க. தேச்சு பாத்தேன், இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு.